கிழக்கை இடம் மாற்றியவள்

1

பல்கலைக்கழகத்தில் என் பெயர் ஒட்டிய தபால் பெட்டியில் இன்று காலை எங்கள் வானியல் குழுவின் ஆண்டறிக்கை கிடந்தது. வழவழப்பான தாள். அட்டையில் வெம்பக்கோட்டைப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், அண்ணாந்து பார்த்து, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். படம் எடுத்தது நான்தான். சந்தோஷமாகத்தான் பிரித்தேன். பதினோராம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. "உள்ளூர் அச்சகத்தின் பிழையால், மாணவர்களுக்கு வழங்கப்பட்ட வான நாள்காட்டிகள் திரும்பப் பெறப்பட்டன."

அங்கேயே, மாடிப்படியிலேயே, உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளூர் அச்சகம் என்று இவர்கள் எழுதுவது என் தோழி செல்வராணியை. சிவகாசியில் கேலண்டர் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கிறவள். வடிவமைத்தவள் என்றுதான் இப்போது சொல்ல வேண்டும். அந்த இடத்திலிருந்து அவளைத் தூக்கி ஒரு வருடம் ஆகிறது. ஊரில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. இங்கே யாரிடம் சொன்னாலும் "பாவம்" என்று சொல்லிவிட்டு காபி குடிக்கப் போய்விடுகிறார்கள்.

2

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மாரீஸ்வரி. அப்பா லோடு ஏற்றுகிறவர், அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குக் காகிதம் சுற்றினார். விருதுநகரில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். கல்யாணமாகி, கணவரின் கம்ப்யூட்டர் வேலையோடு ஜெர்மனிக்கு வந்து பத்து வருடம். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, விட்ட படிப்பை மறுபடி பிடித்து, இப்போது விண்மீன்களின் ஒளியை ஆராயும் ஆய்வு மாணவி. வகுப்பில் எனக்குத்தான் வயது அதிகம். இங்கே என்னை 'மரீ' என்று கூப்பிடுகிறார்கள். திருத்திப் பார்த்து அலுத்துப்போய்விட்டேன்.

எங்கள் துறையில் ஆய்வு மாணவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளுக்கு வானம் காட்டுவதுதான் வேலை. இந்த ஊர்ப் பள்ளிகளுக்கு மாதம் ஒரு முறை போவோம். எங்கள் ஊர்ப் பக்கமும் போகலாமே என்று நான்தான் வாய் திறந்தேன். யோனாஸ், குழுவின் பொறுப்பாளர், படிப்பை முடித்துத் துறையில் எனக்கு மேலே இருக்கும் இளம் ஆய்வாளர், மறுபேச்சில்லாமல் சரி என்றான். நல்ல பையன் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் கெட்டவன் என்று சொல்ல வரவில்லை.

பயணத்துக்கு முன்பு பல்கலைக்கழகப் பாதுகாப்பு அலுவலகம் ஒரு படிவம் கொடுத்தது. நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கு அருகில் வெடிபொருள் உண்டா? உண்டு என்று எழுதினேன். எவ்வளவு தொலைவில்? எல்லாத் திசையிலும் என்று எழுதினேன். அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு, மிகவும் கனிவாக, "குழந்தைகளை வேறு ஏதாவது பாதுகாப்பான இடத்துக்கு வரவழைக்க முடியாதா?" என்று கேட்டார். "அவர்கள் அங்கேதான் குடியிருக்கிறார்கள்" என்றேன். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அதே வாரம் மகளின் வகுப்பாசிரியையும் கூப்பிட்டு அனுப்பினார். 'என் குடும்பம் என்ன வேலை செய்கிறது' என்று பிள்ளைகள் பேச வேண்டிய நாளில், என் மகள் எழுந்து தன் அம்மாச்சி குண்டு செய்தவர் என்று ஜெர்மனில் சொல்லி வைத்திருக்கிறாள். புத்தாண்டுக்குத் தெருத் தெருவாகப் பட்டாசு கொளுத்திக் குப்பை குவிக்கிற ஊர் இது. அதை யாரோ ஒரு பெண் உட்கார்ந்து சுற்றியிருப்பாள் என்று மட்டும் யாருக்கும் தோன்றாது. ஆசிரியைக்கு விளக்கிச் சொல்லிவிட்டு வெளியே வந்தால், மகள் என்னிடம், "இனிமேல் அதைச் சொல்ல மாட்டேன், அம்மா" என்றாள். அதையும் ஜெர்மனில்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. சொல்லு, சத்தமாகச் சொல்லு என்றேன். அவள் என்னை விட்டுத் தள்ளி நடந்தாள்.

3

பிள்ளைகளுக்குக் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. வான நாள்காட்டி அடிக்கலாம் என்றேன். மாதத்துக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளிலும் ஒரு பெரிய வட்டம், அந்த மாதம் மாலை ஏழரை மணிக்கு விருதுநகர் மாவட்டத்து வானம் எப்படி இருக்கும் என்ற படம். கேலண்டர் என்றால் சிவகாசிதானே. செல்வராணிக்குப் போன் போட்டேன். பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு எங்களுக்கு.

"சீசன் நேரம்டி, ஆர்டர் குமிஞ்சு கிடக்கு. ஆனா ஒன் வேலைன்னா நானே ஒக்காந்து பண்ணிருதேன். வேற யாரு கையிலயும் குடுக்க மாட்டேன்" என்றாள்.

அவள் எப்படி வேலை செய்வாள் என்று எனக்குத் தெரியும். வந்த ஃபைலை அப்படியே அச்சுக்கு அனுப்பவே மாட்டாள். தேதி, கிழமை, அமாவாசை, விடுமுறை எல்லாவற்றையும் விரல் வைத்துப் படிப்பாள். ஒரு நகைக்கடை ஆர்டரில் அமாவாசை ஒரு நாள் தள்ளி வந்திருந்ததைப் பிடித்து, கடைக்காரருக்கே போன் போட்டுத் திருத்தியவள். "நோட்டீசுல தப்பு விட்டா மறுநாள் குப்பைக்குப் போயிரும். கேலண்டர்ல தப்பு விட்டா வருசம் முச்சூடும் சுவத்துல தொங்கும்டி" என்பாள்.

நாங்கள் அனுப்பிய ஃபைலில் வட்டத்தின் மேலே வடக்கு, கீழே தெற்கு, இடது பக்கம் கிழக்கு, வலது பக்கம் மேற்கு என்று இருந்தது. வானப் படங்கள் அப்படித்தான் இருக்கும். செல்வராணி வாழ்நாளில் பார்த்த எல்லாப் படத்திலும் கிழக்கு வலது பக்கம். ஊர் வரைபடம், மனைப் படம், வாஸ்து படம், பள்ளிக்கூடத்து அட்லஸ், எல்லாம். பன்னிரண்டு தாளிலும் தலைகீழாக இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டிருக்கிறாள். வெளிநாட்டுப் பிள்ளைகள் அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். வேலை தெரிந்தவள் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். பன்னிரண்டு தாளிலும் கிழக்கையும் மேற்கையும் இடம் மாற்றினாள். புரூஃப் எடுத்தாள். எங்கள் குழுவுக்கு மின்னஞ்சலும் எழுதினாள்.

அந்த மின்னஞ்சல் இப்போது என் முன்னால் இருக்கிறது. ஆங்கிலத்தில் நான்கு வரி. உங்கள் ஃபைலில் கிழக்கு இடது பக்கம் இருக்கிறது, எல்லா வரைபடத்திலும் வலது பக்கம்தான் இருக்கும், நான் மாற்றியிருக்கிறேன், அது சரியா என்று சொல்லுங்கள், சொன்ன பிறகுதான் அச்சுக்குப் போகும். இதை விடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிக் கேட்பாள்?

யோனாஸ் அதே நாளில் சம்மதம் தெரிவித்துப் பதில் போட்டுவிட்டான்.

4

தை மாதம் போனோம். நானும் யோனாஸும் இன்னும் இரண்டு மாணவர்களும். நிகழ்ச்சி மாலையில். இருட்டியதும் மைதானத்தில் தொலைநோக்கியை நிறுத்தினோம். பட்டாசுக் கம்பெனி வேன்கள் திரும்புகிற நேரம். பள்ளி வாசலில் இரண்டு வேன் நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண்களும் தூக்குச்சட்டியோடு உள்ளே வந்து பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டார்கள். ஒருத்தி கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "யாத்தே, நிலாவுல இம்புட்டுக் குழியா!" என்று கத்தியதில் எல்லோரும் சிரித்தார்கள். யோனாஸுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் கண்ணில் தண்ணீர். அந்த ஒரு மணி நேரத்துக்காக அவனை நான் இன்னமும் முழுதாக வெறுக்க முடியவில்லை.

பிறகு நாள்காட்டியைக் கொடுத்தோம். ஒன்பதாம் வகுப்பு பவித்ரா டார்ச் வெளிச்சத்தில் முதல் தாளைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, இடுப்புல மூணு நட்சத்திரம் வச்சிருக்க வேட்டைக்காரன் மேக்க இருக்காம்னு போட்டிருக்கீக. அங்கன பாருங்க, கெழக்கதான் நிக்கான்."

அவள் விரல் நீட்டிய பக்கம் பார்த்தேன். கிழக்கே, கம்பெனி ஷெட்டுகளுக்கு மேலே, ஓரியன் என்கிற வேட்டைக்காரன் நின்றுகொண்டிருந்தான். தாளில் மேற்கு என்று இருந்தது. அவசரமாக மற்ற தாள்களைப் புரட்டினேன்.

ஆனால் பிள்ளைகளுக்குக் கலக்கமே இல்லை. "எல்லாத்துலயும் மாறிக் கிடக்குடி" என்று பவித்ரா சொன்னதும், அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்து பேனாவால் அடித்து மாற்ற ஆரம்பித்தார்கள். அடித்துவிட்டு எழுந்து வானத்தோடு சரி பார்த்தார்கள். ஒருத்தி வேனில் வந்திருந்த தன் அம்மாவைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டி, "புத்தகத்துல போட்டதையே நாங்க திருத்திட்டோம்" என்றாள். எத்தனையோ பள்ளி வகுப்புகள் பார்த்துவிட்டேன். அச்சடித்த தாளை விட்டுவிட்டு வானத்தை நம்பிய பிள்ளைகளை அன்றுதான் பார்த்தேன். நாங்கள் கற்றுக் கொடுக்க வந்த விஷயம் இதுதான். அதை நாங்கள் கற்றுக் கொடுக்கவே இல்லை, அவர்களாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

யோனாஸ் வெளிறிப் போனான். பணம் கொடுத்த அறக்கட்டளையின் சின்னம் ஒவ்வொரு தாளிலும் இருக்கிறது, தவறான தகவலோடு அது வெளியே போகக் கூடாது என்றான். எல்லாவற்றையும் திரும்ப வாங்கச் சொன்னான்.

வாங்கினோம். நானும்தான் வாங்கினேன். திருத்திய தாள்களைப் பிள்ளைகள் கையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கி அட்டைப் பெட்டியில் போட்டேன். "எதுக்குக்கா, நாங்கதான் சரி பண்ணிட்டோம்ல?" என்று கேட்டவர்களுக்கு நான் என்னென்னவோ உளறினேன். பவித்ரா மட்டும் கொடுக்கவில்லை. சுருட்டிப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு, "எனக்குக் குடுக்கவே இல்ல" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். விட்டுவிட்டேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

5

மறுநாள் சிவகாசியில் அச்சகத்துக்குப் போனோம். யோனாஸ் முதல் நாளே புகார் எழுதிவிட்டிருந்தான். முதலாளி எங்களை நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ கொடுத்து, எங்கள் முன்னாலேயே செல்வராணியைக் கூப்பிட்டார்.

"வெளிநாட்டு ஆர்டர்ம்மா இது. ஒன்ன யாரு கை வைக்கச் சொன்னா? கெழக்கு எது, மேக்கு எதுன்னுகூடத் தெரியாம கம்ப்யூட்டர்ல ஒக்காந்திருக்கியா?"

"கேட்டுத்தான்ணே மாத்துனேன். மெயில் போட்டேன். சரின்னு பதில் வந்துச்சு." அவள் என்னைப் பார்த்தாள். "ஏடி மாரி, நீ பாக்கலியா?"

நான் போனை எடுத்துத் தேடினேன். இருந்தது. எனக்கும் நகல் வந்திருந்தது. அது வந்த நாள் நினைவுக்கு வந்தது. தங்கும் அனுமதியை நீட்டிக்க வெளிநாட்டவர் அலுவலகத்தில் எண் சீட்டோடு காத்திருந்தேன். புரூஃப் படம் விரல் நகம் அளவில் தெரிந்தது, அதற்கு மேலே யோனாஸின் பதில் தெரிந்தது, என் எண்ணைக் கூப்பிட்டார்கள், போனைப் பையில் போட்டேன். திறக்கவே இல்லை.

யோனாஸிடம் காட்டினேன். அவன் படித்தான், காது சிவந்தது. "இதை ஜெர்மனிக்குத் திரும்பிப் போய்ப் பேசிக்கொள்ளலாம். இங்கே வேண்டாம்" என்று ஜெர்மனில் சொன்னான். முதலாளி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வராணியும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் தமிழும் ஜெர்மனும் தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் ஒரு மொழியிலும் வாயைத் திறக்கவில்லை. என் ஆய்வு நீட்டிப்புக்கான பரிந்துரையில் யோனாஸ் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதுதான் காரணம், வேறு எதைச் சொன்னாலும் பொய்.

அன்று சாயங்காலமே அவளைக் கேலண்டரின் மேல் விளிம்பில் தகரப் பட்டை அடிக்கும் செக்சனுக்கு மாற்றினார்கள். எந்த வேலையும் கேவலமில்லை. ஆனால் பதினாறு வருடம் எழுத்துப் பார்த்த கண்ணைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தார்கள். ஜெர்மனிக்குத் திரும்பியதும் குழுக் கூட்டத்தில் யோனாஸ் இதைக் கதையாகச் சொன்னான். கிழக்கும் மேற்கும் தெரியாத அச்சகம் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அந்த நாள்காட்டியின் முன்னட்டையில் பெரிய எழுத்தில் என்ன போட்டிருந்தோம் தெரியுமா? 'கேள்வி கேளுங்கள்.' அந்த எழுத்தைக் கோத்தவள் செல்வராணி. அதன்படி நடந்தவளும் அவள் ஒருத்திதான்.

6

அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு யோனாஸின் அறைக்குப் போனேன். இந்த வரி பொய் என்றேன்.

"முழுக்கப் பொய் இல்லை. மாற்றியது அச்சகம்தானே?"

"கேட்டார்கள். நீ சம்மதம் கொடுத்தாய். நான் பார்க்கவே இல்லை. பிழை நம்முடையது."

அறக்கட்டளைக்குக் கணக்கு முடிக்கும் படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் உண்டு என்றான். போக்குவரத்துச் சேதம், வழங்குநர் பிழை, இயற்கைச் சீற்றம். நம் பிழை என்று ஒரு கட்டம் இல்லையாம். அறிக்கை அச்சாகிவிட்டது, அந்த வரியை யாரும் படிக்கப் போவதில்லை, வேண்டுமானால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் அனுப்பலாம் என்றான். எதற்குப் பாராட்டு என்று கேட்டேன். திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். பட்டாசு ஆலை ஏழைக் குழந்தைகளின் கண்ணில் வெளிச்சம் ஏற்றினோம் என்று மூன்று பக்கம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பெண் கேட்டாள், நாங்கள் படிக்கவில்லை என்று ஒரு வரி எழுத வரவில்லை.

நானே எழுதினேன். அச்சக முதலாளிக்குத் தமிழில் ஒன்று, எங்கள் துறையில் எல்லோருக்கும் ஜெர்மனில் ஒன்று. செல்வராணியின் மின்னஞ்சலையும் யோனாஸின் பதிலையும் இரண்டோடும் இணைத்தேன். பார்க்காமல் விட்ட என் பெயரையும், அன்று அந்த அறையில் வாய் மூடி இருந்ததையும் எழுதினேன். அவளை மறுபடி கம்ப்யூட்டரில் உட்கார வைக்க வேண்டும் என்று முதலாளியைக் கேட்டிருந்தேன். அனுப்புவதற்கு முன்னால் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று போன் போட்டேன். ஒரு வருடத்தில் நான் அவளைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். வைத்துவிடுவாள் என்று பயந்தேன். கடைசி வரை கேட்டாள்.

"லெட்டர் நல்லாருக்கு. அனுப்பு. அன்னைக்கே சொல்லிருக்கணும் நீ."

"ஆமாடி."

"சரி விடு. ஒண்ணு கேக்கணும் ஒங்கிட்ட. கெழக்கு ஏன்டி எடது பக்கம் வருது? ஒரு வருசமா மண்டைக்குள்ள கிடக்கு. மொதலாளிட்ட கேட்டா, நீ தகரத்த அடின்னுட்டாரு. ஒங்க வெள்ளக்காரன் போகையில அவன்ட்டயும் கேட்டேன். சிரிச்சுட்டுப் போய்ட்டான்."

அந்தக் கேலண்டர் ஒன்று அவளிடம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது.

"வாசலுக்கு வா. தெக்கப் பாத்து நில்லு. கேலண்டர மூஞ்சிக்கு நேராப் பிடி. அப்படியே தலைக்கு மேல தூக்கு. இப்ப அண்ணாந்து பாரு. ஒன் எடது கை எந்தப் பக்கம் இருக்கு?"

தாள் படபடக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள். "சும்மாருங்க" என்றாள்.

"கெழக்கப் பாத்து இருக்குடி" என்றாள். "தரையக் கீழ பாக்கோம், வானத்த மேல பாக்கோம். அதானா?"

"அதான்."

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

"இத ஒரு வரி எழுதிப் போட்டிருந்தீகன்னா நான் மாத்தியே இருக்க மாட்டேனேடி."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எழுதியிருக்கலாம். அவள் கேட்ட நான்கு வரிக்கு நாங்கள் அனுப்பிய பதிலில் இருந்தது இரண்டே எழுத்து: OK.